கேட்கும் காலமும் காணும் காலமும்

பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் வானவர் கீதம் பாடப்படும்போது ஒலித்து ஓயும் ஆலய மணி, பாஸ்கா திருவிழிப்பில் அதே கீதம் மீண்டும் எழும் வரை வாய் திறப்பதில்லை. இடைப்பட்ட நேரத்தில் மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டி ஓசை எழுப்புவது பல பங்குகளில் இன்றும் உள்ள வழக்கம். கடிகாரக் கணக்கில் அது சுமார் இரண்டு நாள்தான். ஆயினும் அந்த இரண்டு நாளும் ஒரு வாரமாய் நீள்வதைச் சிறுவயது முதல் நாம் உணர்ந்திருக்கிறோம். சூரியன் வழக்கம்போல் எழுந்து வழக்கம்போல் மறைகிறது. கண்ணுக்கு எதுவும் மாறவில்லை. காதிலிருந்து ஒன்று எடுக்கப்பட்டுவிட்டது, அவ்வளவே. அதனால் காலமே வேறாகிவிடுகிறது. இது நம் கற்பனையா, அல்லது காலத்தை நாம் உணரும் முறையிலேயே கண்ணுக்கும் காதுக்கும் இடையே ஏதேனும் வேற்றுமை உண்டா? இக்கேள்வியோடு இரண்டு திரைப்படங்களை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

படங்களுக்கு முன்பாகப் புனித அகுஸ்தினாரிடம் சற்றே செல்ல வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ 397 முதல் 400 வரையிலான ஆண்டுகளில் அவர் எழுதிய ‘அறிக்கைகள்’ நூலின் பதினோராம் பகுதி காலத்தைப் பற்றியது. அதில் அவர் முதலில் மறுப்பது கண்ணின் சான்றைத்தான். கதிரவன், நிலவு, விண்மீன்கள் ஆகியவற்றின் இயக்கமே காலம் என்று கற்றறிந்த ஒருவர் சொல்லக் கேட்டதாகவும், தாம் அதை ஏற்கவில்லை என்றும் கூறுகிறார். விண்ணின் சுடர்கள் எல்லாம் நின்றுபோய், ஒரு குயவனின் சக்கரம் மட்டும் சுழன்றுகொண்டிருந்தால், அதன் சுற்றுகளை நாம் அளக்க மாட்டோமா என்று கேட்கிறார். யோசுவாவின் வேண்டுதலால் கதிரவன் நின்றபோதும் போர் நடந்ததே, அப்போது காலம் ஓடவில்லையா என்றும் வினவுகிறார்.

கண்ணை இவ்வாறு ஒதுக்கியபின் அவர் காதை அழைக்கிறார். ஒரு குரல் ஒலிக்கத் தொடங்குகிறது, ஒலிக்கிறது, நிற்கிறது. தொடங்குமுன் அதை அளக்க இயலாது, ஏனெனில் அது இல்லை. நின்றபின்னும் இயலாது, ஏனெனில் அது போய்விட்டது. ஒலிக்கும்போது அளக்கலாம் என்றால் அது இன்னும் முடியவில்லையே! அப்படியாயின் நெட்டொலி குற்றொலியின் இருமடங்கு என்பதை நாம் எங்கே வைத்து அளக்கிறோம்? உள்ளத்தில்தான் என்பது அவர் கண்ட விடை. ஒலி கடந்து செல்லும்போது உள்ளத்தில் ஒரு தடத்தை விட்டுச் செல்கிறது. நாம் அளப்பது அந்தத் தடத்தை. குறில், நெடில், மாத்திரை என்று எழுத்தையே கால அளவால் வகுத்த மொழிக்குரிய நமக்கு இந்த வாதம் அந்நியமானதன்று.

அகுஸ்தினார் இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்வது புனித அம்புரோசியார் இயற்றிய மாலைப்பொழுதுப் பாடல் ஒன்றின் முதலடி. அது தற்செயலான தேர்வு என்று நான் எண்ணவில்லை. அதே நூலின் ஒன்பதாம் பகுதியில், 387-ஆம் ஆண்டு ஓஸ்தியாவில் தம் தாய் மோனிக்கா இறந்தபின், அழவும் இயலாமல் நெஞ்சு இறுகிக் கிடந்த தாம், உறங்கி எழுந்து படுக்கையில் தனித்திருக்கையில் நினைவுகூர்ந்த பாடலாக அவர் குறிப்பிடுவதும் இதுவே. அதன்பின்தான் அவருக்குக் கண்ணீர் வந்தது. காலத்தை அளக்க ஒரு கோல் தேடியபோது, தாயின் மரணத்தின் மறுநாளில் தமக்குள் ஒலித்த அடியையே அவர் எடுத்திருக்கிறார். மெய்யியல் நூல்களில் இந்த இரண்டு பகுதிகளையும் இணைத்துப் பேசுவோர் குறைவு. எனக்கோ இணைக்காமல் படிக்க இயலவில்லை.

இந்நாளைய ஆய்வுகள் அகுஸ்தினாரின் காதை மெய்ப்பிக்கின்றன. நொடியை ஆயிரமாகப் பகுத்தால் அதில் இரண்டு மூன்று பங்கே உள்ள இடைவெளியைக்கூட நல்ல செவி இரு ஒலிகளுக்கு நடுவே கண்டுகொள்கிறது. கண்ணோ, நொடிக்கு ஐம்பது அறுபது முறைக்குமேல் மின்னும் விளக்கைத் தொடர்ந்து எரியும் விளக்காகவே காண்கிறது. ஒரே அளவு நேரம் நீடிக்கும் ஒலியும் ஒளியும் தரப்பட்டால், ஒலியே நெடுநேரம் நீடித்ததாகப் பெரும்பாலோர் உணர்கின்றனர். 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது. ஒருமுறை மட்டும் ஒளியைப் பளிச்சிடச் செய்து, உடன் இரண்டு சிற்றொலிகளை எழுப்பினால், பார்ப்பவர் இரண்டு பளிச்சிடல்களைக் கண்டதாகக் கூறுகிறார். எப்போது, எத்தனை முறை என்ற வழக்கில் காதின் சாட்சியமே ஏற்கப்படுகிறது. கண் தன் வாக்குமூலத்தைத் திருத்திக்கொள்கிறது.

திரைப்படத்தின் வரலாறே இதற்கு நல்ல சான்று. ஊமைப்படக் காலத்தில் படச்சுருள் ஓடும் வேகம் இடத்துக்கு இடம் மாறியது. சுழற்றுபவரின் கை சற்று விரைந்தாலும் தளர்ந்தாலும் பார்ப்போர் பொறுத்துக்கொண்டனர். 1920-களின் இறுதியில் ஒலி சேர்ந்ததும் நொடிக்கு 24 படங்கள் என்று வேகம் நிலைநிறுத்தப்பட்டது. வேகம் மாறினால் குரலின் சுருதி மாறிவிடும். கண் மன்னித்ததைக் காது மன்னிக்காது. பிரெஞ்சுத் திறனாய்வாளர் மிஷேல் ஷியோன் 1990-இல் வெளியிட்ட நூலொன்றில், ஒலியே காட்சிக்குக் காலத்தை ஏற்றுகிறது என்று விரிவாக நிறுவுகிறார். அசையாத ஒரு காட்சியோடு நீர் சொட்டும் ஓசையைச் சேர்த்துப் பாருங்கள். அதுவரை வெறும் படமாக இருந்தது, எதையோ எதிர்நோக்கத் தொடங்கிவிடும்.

இனிப் படங்களுக்கு வருவோம்.

இராபேர் பிரெசோன் 1956-இல் எடுத்த ‘மரண தண்டனை பெற்றவன் தப்பிவிட்டான்’ எனும் பிரெஞ்சுப் படத்துக்கு, நற்செய்தியாளர் யோவான் மூன்றாம் அதிகாரத்தில் ஆண்டவர் நிக்கதேமுவிடம் காற்றைப் பற்றிக் கூறும் சொல்லே துணைத்தலைப்பு. காற்றை நாம் காண்பதில்லை. அதன் ஓசையைக் கேட்கிறோம் என்பது அவ்வசனத்தின் எஞ்சிய பகுதி. படத்தின் செய்முறை முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது எனலாம். நாசிப் படையினர் பிரான்சை ஆக்கிரமித்திருந்த 1943-ஆம் ஆண்டில், லியோன் நகரின் மோன்லுக் சிறையிலிருந்து மரண தண்டனைக் கைதி ஆந்திரே தெவிஞி தப்பிய உண்மை நிகழ்ச்சியே கதை. படத்தில் அவர் பெயர் போந்தேன். நடித்தவர் தொழில்முறை நடிகர் அல்லர். பிரெசோன் தம் முதற்படங்களுக்குப்பின் அத்தகையோரையே விரும்பினார். அவரும் 1940-இல் போர்க்கைதியாக இருந்தவரே.

முடிவு தலைப்பிலேயே சொல்லப்பட்டுவிட்டது. தப்புவானா மாட்டானா என்ற பதற்றத்துக்கு இடமில்லை. கதை சொல்லும் குரலும் இறந்தகாலத்திலேயே பேசுகிறது. என்றாலும் ஏறத்தாழ நூறு நிமிடம் நாம் மூச்சடக்கி உட்கார்ந்திருக்கிறோம். இது எவ்வாறு நேர்கிறது?

முதற்காட்சியைக் காண்க. ஓடும் மோட்டார் வண்டியின் பின்னிருக்கையில் போந்தேன் கைதியாக அமர்ந்திருக்கிறான். அவன் கை மெல்லக் கதவின் பிடியை நோக்கி நகர்கிறது, திரும்புகிறது, மீண்டும் நகர்கிறது. வண்டி வேகம் தணியும் ஒரு தருணத்தில் அவன் குதித்தோடுகிறான். வேறு எந்த இயக்குநராயினும் அவனைத் துரத்திக்கொண்டு ஓடியிருப்பார். பிரெசோனின் ஒளிப்படக்கருவி வண்டியை விட்டு இறங்கவில்லை. வெறுமையான இருக்கையும், அசையாது அமர்ந்திருக்கும் மற்றொரு கைதியும் மட்டுமே நம் கண்ணுக்கு. காலடி ஓசையும் கூச்சலும் வெடியோசையும் காதுக்கு. சில நொடிகளில் அவன் பிடிபட்டு அதே இருக்கைக்குத் திரும்புகிறான். அந்தச் சில நொடி எத்தனை நீளம்! கண்ணுக்கு வேலையின்றிப் போகும்போது காது காலத்தை இழுத்து நீட்டுகிறது என்பதை, எந்த ஆய்வுக்கூடமும் இவ்வளவு தெளிவாகக் காட்டியிராது.

சிறைக்குள் சென்றபின் படம் முழுவதும் இந்த முறையே. அறை சிறியது, கதவு, சன்னல், கட்டில், ஒரு கரண்டி. காண்பதற்கு இவ்வளவே. கேட்பதற்கோ ஓர் உலகம் இருக்கிறது. காவலன் மாடிப்படியில் ஏறி இறங்குகையில் தன் சாவியை இரும்புக் கம்பிகள்மேல் உரசிக்கொண்டே செல்லும் ஓசை, சுவரைத் தட்டிப் பக்கத்து அறைக்காரன் அனுப்பும் செய்தி, தொலைவில் இரயில் வண்டியின் ஊதல், மணிக்கூண்டின் மணி, எங்கோ ஒரு தெரு. போந்தேன் கரண்டியின் காம்பைத் தரையில் தேய்த்துக் கூராக்கி, கதவின் பலகைகளை இணைக்கும் மென்மரத்தைச் சுரண்டத் தொடங்குகிறான். சுரண்டும் ஓசையே அவன் கடிகாரம்; சாவியின் ஓசை அதை நிறுத்தும் கை. மாதக்கணக்கான உழைப்பு இந்த இரண்டு ஓசைகளின் மாற்றி மாற்றி வரும் ஒழுங்கில் நமக்குள் இறங்கிவிடுகிறது. நாள்காட்டித் தாள் கிழிந்து பறப்பதும், மெழுகுவர்த்தி உருகிக் குறைவதும் இங்கில்லை. காலத்தைக் கண்ணுக்குக் காட்ட நம் படங்கள் கையாளும் இவ்வுத்திகள் எவ்வளவு விரைவில் பொய்த்துப்போகின்றன என்பதும் இப்படத்தைக் கண்டபின் விளங்கும்.

மற்றொரு கைதியான ஓர்சினி தப்ப முயன்று பிடிபடுகிறான். அவன் கொல்லப்படுவதை நாம் காண்பதில்லை. சுவருக்கு அப்பாலிருந்து துப்பாக்கிகளின் ஓசை வருகிறது. ஓசை நின்றபின் போந்தேன் தன் வேலைக்குத் திரும்புகிறான். ஓர்சினியின் தோல்வியிலிருந்தே, மதிலைக் கடக்கக் கயிறு மட்டும் போதாது, கொக்கிகளும் தேவை என்று அவன் அறிந்திருக்கிறான். ஒருவனுடைய இறப்பு மற்றொருவனுக்கு வழியாகிறது. இதைப் பற்றிப் படம் ஒரு சொல்லும் விளக்கவில்லை. விளக்காததே அதன் கண்ணியம்.

தப்பும் இரவில், போந்தேனின் அறையில் கடைசி நாள்களில் அடைக்கப்பட்ட ஜோஸ்ட் எனும் பதினாறு வயது இளைஞனும் உடன் வருகிறான். இவன் உளவாளியோ, கொன்றுவிட வேண்டுமோ என்று போந்தேன் உள்ளூரப் போராடி, இறுதியில் நம்பி அழைத்துச் செல்கிறான். கூரைமேல் பரப்பியிருக்கும் சரளைக்கல் ஒவ்வோர் அடிக்கும் நெரிகிறது. இரயில் வண்டி கடக்கும் ஓசையில் மட்டுமே அவர்கள் நடக்க முடியும். ஆகவே காத்திருக்கிறார்கள், வண்டி வருகிறது, நடக்கிறார்கள், போகிறது, நிற்கிறார்கள். மணி அடிக்கிறது. இன்னொரு மணியும் அடிக்கிறது. பிறகு இரு மதில்களுக்கு இடையிலிருந்து விளங்காத ஒரு கிரீச்சொலி கேட்கிறது. அது என்ன? நெடுநேரம் அவர்களுக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. இறுதியில் பார்த்தால், காவலன் ஒருவன் மிதிவண்டியில் சுற்றிச் சுற்றி வருகிறான்! அவ்வளவுதான். ஆனால் காணுமுன் கேட்ட அந்த இடைவேளையில் அச்சம் தன் முழு வளர்ச்சியையும் அடைந்துவிட்டது.

பிரெசோன் தம் குறிப்பு நூலில், கண் பொதுவாக மேற்போக்கானது, காது ஆழமானதும் படைக்கும் திறனுள்ளதும் ஆகும் என்ற பொருள்பட எழுதியிருக்கிறார். ஓர் இரயில் ஊதல் கேட்டால் ஒரு நிலையமே மனத்தில் எழும் என்பது அவர் தரும் சான்று. அகுஸ்தினார் கூறிய உள்ளத்தின் தடம் என்பதும் இதற்கு அயலானதன்று. மோசார்ட் இயற்றிய திருப்பலி இசையிலிருந்து, ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ எனும் மன்றாட்டுப் பகுதி படத்தில் சில தடவை மட்டும் வருகிறது. பெரும்பாலும் கைதிகள் தம் மலவாளிகளைக் கொட்டச் செல்லும் நடையின்போது. அழகிய இசையை அருவருப்பான வேலையின்மேல் வைத்தது முரணுக்காக அன்று என்று நான் கருதுகிறேன். கைதிகள் ஒருவரோடொருவர் கூடும் ஒரே நேரம் அது. அதுவே அவர்களுடைய ஆலயம்.

இரண்டாவது படம் முற்றிலும் வேறு வகை. செருமானிய இயக்குநர் பிலிப் குரோனிங், பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் உள்ள கர்த்தூசியர் தலைமை மடத்தைப் படமெடுக்க 1984-இல் அனுமதி கேட்டார். புனித புரூனோ 1084-இல் தொடங்கிய துறவு வாழ்வின் ஊற்றிடம் அது. இன்னும் நேரம் வரவில்லை என்பதே அவருக்குக் கிடைத்த மறுமொழி. பதினாறு ஆண்டுகளுக்குப்பின் மடத்திலிருந்தே அழைப்பு வந்தது. காலத்தைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கையில் இது வெறும் துணுக்கன்று! உதவியாளர் எவருமின்றித் தனியே அங்குத் தங்கி, செயற்கை ஒளி இல்லாமல், விளக்கவுரை இல்லாமல், வெளியிலிருந்து இசை சேர்க்காமல் அவர் எடுத்த ‘பெரும் மௌனம்’ 2005-இல் வெளிவந்தது. இரண்டரை மணி நேரத்துக்கும் மேற்பட்ட படம்.

பொறுமையற்றவர் முதல் அரைமணியில் எழுந்து போய்விடுவர்; இருப்பவர்க்கு ஒரு மாற்றம் நிகழ்கிறது. துறவி ஒருவர் துணியை வெட்டுகிறார். கத்தரி மேசைமீது நகரும் ஓசை நமக்கு ஒரு நிகழ்ச்சியாகிவிடுகிறது. பனி விழுகிறது, விழும் பனியின் ஓசையின்மையும் நிகழ்ச்சியாகிறது. ஒருவர் கயிற்றை இழுக்கிறார், மணி ஒலிக்கிறது, வரிசையாய் வருவோர் அக்கயிற்றைக் கைமாற்றிக்கொள்கின்றனர். நள்ளிரவு வழிபாட்டில் திரை ஏறத்தாழ முழு இருள். சிவந்த ஒரு சிறு விளக்கு. அதைச் சூழ்ந்து கிரகோரியன் பண். கண் செயலற்ற அந்த நேரத்தில் பண் ஏறி இறங்கும் மூச்சே காலம். மூச்சு முடியும் இடத்தில் விடப்படும் இடைவெளியில் குழு முழுவதும் ஒன்றாகக் காத்திருக்கிறது. படத்தின் உச்சம் இதுவே என்பது என் மதிப்பீடு.

குறைகளும் உண்டு. எரேமியா இறைவாக்கினரின் முறையீடு உள்ளிட்ட விவிலியச் சொற்களை எழுத்தாகத் திரையில் மீண்டும் மீண்டும் இடுகிறார் இயக்குநர். திருப்பாடல்களின் பல்லவிபோல் அமைய வேண்டும் என்பது கருத்தாகலாம். ஆனால் பல்லவி பாடப்படுவது; இது வாசிக்கப்படுவது. கண் ஒரே பார்வையில் வாசித்து முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று காத்திருக்கிறது. சிறிய படச்சுருளில் எடுத்த புள்ளிகள் நிறைந்த காட்சிகளும் அவ்வாறே, அழகானவைதாம். எனினும், பாருங்கள், எவ்வளவு அழகு என்று நம் தோளைத் தட்டுகின்றன. மடத்தின் மௌனத்தைக் காதுக்குத் தந்தவர், கண்ணுக்கு மட்டும் பேச்சை விடவில்லை. பிரெசோனுக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. காதுக்கு ஒன்றைத் தந்தால் கண்ணிடமிருந்து அதை எடுத்துவிடுவது அவர் இயல்பு.

ஆயினும் படத்தின் முடிவுக்கு அருகில், பார்வையிழந்த முதிய துறவி ஒருவர் பேசுகிறார். அதுவரை எவரும் நம்மை நோக்கிப் பேசியதில்லை. இறப்பைக் குறித்து அச்சமில்லை என்கிறார். தம்மைப் பார்வையற்றவராக்கியதற்கு இறைவனுக்கு நன்றி கூறுவதாகவும், அது தம் ஆன்ம நலனுக்கே என்றும் சொல்கிறார். இரண்டு மணிநேரத்துக்கு மேலான மௌனத்துக்குப்பின் வருவதால்தான் இந்தச் சொற்களை நாம் நம்புகிறோம். மறையுரை மேடையிலிருந்து முதல் நிமிடத்தில் இதைக் கேட்டிருந்தால், நல்ல கருத்து என்று சொல்லிவிட்டு எழுந்திருப்போம்.

இவற்றைக் கண்டபின் நம் வழிபாடுகளை எண்ணாமலிருக்க முடியவில்லை. உரோமைத் திருப்பலிப் புத்தகத்தின் பொதுப் போதனை, புனித மௌனத்தை வழிபாட்டின் ஒரு பகுதியாகவே கூறுகிறது. நற்கருணை உட்கொண்டபின் உள்ளத்தில் இறைவனைப் புகழவும் மன்றாடவும் அம்மௌனம் வேண்டும் என்கிறது. நாமோ அந்த நேரத்தைப் பாடல்களால் நிரப்பி, பாடல் முடிந்ததும் அறிவிப்புகளைத் தொடங்கிவிடுகிறோம். தவக்காலப் பாஸ்கா நாடகங்களில் ஆண்டவர் சிலுவையில் தொங்கும் மூன்று மணி நேரத்தை மின்னணு இசைக்கருவி ஒரு கணமும் விடாமல் நிரப்புகிறது. ஓவென்று அலறும் அந்த இசையால் நேரம் விரைவாகக் கழிகிறதே அன்றி, கல்வாரியின் நேரம் நமக்குக் கிட்டுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் இசைக்கருவி பழுதாகிவிட்டது. சுத்தியலால் மரத்தில் ஆணி அடிக்கும் ஓசை மட்டும் கேட்டது. சிற்றுண்டி விற்றுக்கொண்டிருந்தவர்களும் கையை நிறுத்தி நின்றார்கள்.

என் தந்தையார் தம் இறுதி ஆறு ஆண்டுகள் பார்வையின்றி வாழ்ந்தார். கடிகாரம் வேண்டுமா என்றால் வேண்டாம் என்பார். மூவேளை செபத்தின் மணி, காலையில் பால்காரர் வண்டியின் குலுங்கல், பள்ளிப் பிள்ளைகள் ஓடும் ஓசை, இரவில் கடைசிப் பேருந்து என்று அவருடைய நாளுக்கு உறுதியான தூண்கள் இருந்தன. ஒரு நாள் ஆலயத்தில் பழைய மணிக்குப் பதிலாக, பதிவு செய்த மணியோசையை ஒலிபெருக்கியில் விடத் தொடங்கினார்கள். முதல்நாள் மாலை அதைக் கேட்டதும் சிலுவை அடையாளம் வரையக் கையைத் தூக்கியவர் பாதியில் நிறுத்தினார். “இது மணியில்லையே தம்பி” என்றார். “மணிதான் அப்பா, புதுசா வச்சிருக்காங்க” என்றேன். அவர் ஒப்பவில்லை. உபதேசியார் கயிற்றை இழுக்கும்போது, முதல் அடி ஓய்ந்து அடுத்த அடி விழுவதற்குள் தாம் ஓர் அருள்நிறை மந்திரத்தில் பாதி சொல்லிவிடுவதுண்டு என்றும், இதில் அதற்கு இடமில்லை என்றும் கூறினார். மறுநாள் முதல், மாலையில் மணி ஒலித்து முடியும்வரை அவர் பேசாமல் இருப்பார். அது அடங்கியபின், தமக்குத் தெரிந்த அந்தப் பழைய இடைவெளியை விட்டு விட்டு, மூவேளை செபத்தை மெல்லச் சொல்லத் தொடங்குவார்.